விடுதி வைஃபையில் லப்டொப் பாவிக்கலாமா?

அறுகம்பே விடுதி வைஃபைக்குக் கடவுச்சொல் இருக்கிறதே, பிறகென்ன பயம் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடவுச்சொல் வரவேற்பு மேசையிலேயே ஒட்டிக் கிடக்கும். சேர்ஃபிங் பலகையோடு வந்துபோகிற எல்லாருக்கும் தெரியும். அதே பெயர், அதே கடவுச்சொல்லோடு பக்கத்து அறையில் ஒருவர் போலி வைஃபை திறந்தால், உங்கள் லப்டொப் சிக்னல் கூடின பக்கம் தானாகவே ஒட்டிக்கொள்ளக்கூடும். விண்டோஸில் தானாக இணையும் தெரிவை எடுத்துவிடுங்கள். நெட்வேர்க் வகையைப் 'பொது' என்று வையுங்கள். மற்றக் கணினிகளுக்கு உங்களுடையது தென்படாது.

செய்தி வாசிக்க, படம் பார்க்க இது போதும். சான்றிதழ் பிழை, அதாவது இந்தத் தளம் உண்மையானதுதானா என்று உறுதிசெய்ய முடியவில்லை என்று பிரௌசர் எச்சரித்தால் மட்டும் 'பரவாயில்லை' என்று தாண்டிப் போகாதீர்கள், உடனே மூடுங்கள். வங்கி வேலைக்கு என்றால் போன் ஹொட்ஸ்பொட்தான். கொஞ்சம் டேட்டா போகும், போகட்டும்.