பவுடர் கோட்டிங் கொடுத்த சைக்கிள் பிரேம் விரிசலோடு திரும்பினால்?

கேள்வி: அப்பா ஓட்டிய பழைய ராலே சைக்கிளைப் புதுப்பிக்க, அதன் பிரேமை கோவையில் ஒரு பவுடர் கோட்டிங் (பெயின்ட் பவுடரைத் தூவி ஓவன் சூட்டில் பிடிக்கவைக்கும்) பட்டறையில் கொடுத்தேன். கூலி 2,800 ரூபாய். முன்பணம் 1,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன், ரசீது தரவில்லை. வாங்கப் போனபோது, பெடல் அச்சு உட்காரும் குழாயின் மரைக்குள் பவுடர் அடைத்திருந்தது. பட்டறைக்காரரே பேரிங் உட்காரும் கப்பை வைத்து ஸ்பேனரால் முறுக்க, குழாய் விரிசல் விட்டுவிட்டது. முன்னால் இருந்த கொக்குத் தலை போட்ட பித்தளைச் சின்னத்தையும் காணவில்லை. "பழைய இரும்பு, ஓவன் சூடு தாங்கவில்லை" என்கிறார். சுவரில் ‘பொருள்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று எழுதியிருக்கிறது. மீதி 1,800 ரூபாய் கொடுத்தால்தான் பிரேமைத் தருவாராம். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த 1,800 ரூபாயைக் கொடுத்து பிரேமை வாங்கிவிடுங்கள். மனசு ஒப்பாது, தெரிகிறது. ஆனால் இந்த வழக்கில் உங்கள் முக்கியமான சாட்சியே அந்த பிரேம்தான். நாளைக்கே விரிசலில் வெல்டு வைத்து, மேலே இன்னொரு கோட் அடித்துவிட்டால் எதைக் காட்டுவீர்கள்? பணம் அனுப்பும் முன் வாட்ஸ்அப்பில், "வேலை சரியில்லை, ஆட்சேபத்துடன்தான் மீதியைத் தருகிறேன், இழப்பீடு கேட்கும் உரிமையை விடவில்லை" என்று எழுதி அனுப்புங்கள். பிரேமைக் கையில் வாங்கும்போதே விரிசலையும் மரையையும் வீடியோ எடுத்துவிடுங்கள்.

கூலி வரும்வரை பொருளைப் பிடித்துவைக்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 170-வது பிரிவு. அதிலுள்ள உதாரணம், பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தைத் தீட்டி முடித்தவர் கூலிக்காக வைத்துக்கொள்ளலாம் என்பது. ஆனால், சொன்ன வேலை சொன்னபடி முடிந்திருந்தால்தான் அந்த உரிமை. குழாயை உடைத்தவருக்கு அது கிடையாது என்று நீங்கள் வாதாடலாம். அது தீர்ப்பாகும்வரை பிரேம் அவரிடமே கிடக்கும், அதனால்தான் கொடுத்துவிட்டு வாங்கச் சொல்கிறேன்.

உங்கள் பக்கம் பலமாக இருப்பது அதே சட்டத்தின் 151-வது பிரிவு. அடுத்தவர் பொருளை வேலைக்காக வாங்கி வைத்திருப்பவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் கையில் இருக்கும்போது பொருள் சேதமானால், கவனமாகத்தான் இருந்தேன் என்று நிரூபிக்க வேண்டியவர் அவர். பவுடர் போடும் முன் மரையை ஒட்டும் டேப்போ ரப்பர் அடைப்போ வைத்து மூடுவது அந்தத் தொழிலில் அரிச்சுவடி. அடைத்துவிட்டாலும், மரை வெட்டும் கருவியைப் போட்டு மரையைச் சுத்தம் செய்த பிறகுதான் கப்பை ஏற்ற வேண்டும். இவர் இரண்டையும் செய்யவில்லை.

ஓவன் கதையும் நிற்காது. பவுடரை உருக்கிப் பிடிக்க வைக்கும் சூடு சுமார் 200 டிகிரி செல்சியஸ். அந்தக் காலத்து பிரேம்களில் குழாய்களை இணைக்கும் பித்தளைப் பற்றவைப்பு உருக 800 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் உள்ளே துரு அரித்துக் குழாய் ஏற்கெனவே மெலிந்திருந்தது என்று அவர் சொல்ல இடமுண்டு. கொடுப்பதற்கு முன் எடுத்த படங்கள் இருந்தால் இப்போதே தேடி எடுங்கள்.

சுவர் போர்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பொறுப்பைக் குறைக்கும் நிபந்தனையில் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. 1996-ல் பாரதி நிட்டிங் கம்பெனி – டிஎச்எல் கூரியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படி ஒரு வரம்பை ஏற்றது. நீங்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. ரசீது தராதது அவருக்கே எதிரான விஷயம்: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அது நியாயமற்ற வணிக நடைமுறை. கொடுக்கல் வாங்கலுக்கு ஜிபே பதிவும் உங்கள் சாட் உரையாடலும் போதும்.

ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையுடன் ஒரு நோட்டீஸ் அனுப்பி, 15 நாள் அவகாசம் கொடுங்கள். வக்கீல் வேண்டாம், நீங்களே எழுதலாம். சின்னத்துக்கு மட்டும் தனியாகப் போன் போட்டு இன்றைக்கே கேளுங்கள். மணலைப் பீய்ச்சி பழைய பெயின்ட்டை எடுக்கும் சாண்ட் பிளாஸ்டிங்குக்கு முன் கழற்றி எங்காவது ஒரு டப்பாவில் போட்டிருப்பார்கள். நோட்டீஸ் போன பிறகு யாரும் தேடித் தர மாட்டார்கள்.

பலனில்லை என்றால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுங்கள். கூலி 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. காலவரம்பு இரண்டு ஆண்டு. 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் சொல்லிப் பார்க்கலாம், சில பட்டறைக்காரர்கள் அந்த அழைப்புக்கே இறங்கிவருவார்கள். போலீஸுக்குப் போக வேண்டாம். நேர்மையற்ற எண்ணம் இல்லாமல், கவனக்குறைவால் ஒரு பொருள் சேதமானால் மட்டும் அது குற்றமாகாது.

எவ்வளவு கேட்பது? கொடுத்த 2,800, குழாயைச் சரிசெய்யவோ அதே மாதிரி பிரேம் தேடவோ ஆகும் செலவு, சின்னத்தின் விலை, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை. அப்பாவின் வண்டி என்பதற்கு விலை கிடையாது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஐந்து லட்சம் என்று எழுதினால் உங்கள் நல்ல வழக்கும் பேராசையாகத் தெரியும்.

அனுபவமுள்ள ஒரு சைக்கிள் மெக்கானிக்கிடமோ வெல்டரிடமோ பிரேமைக் காட்டி, விரிசல் எப்படி வந்திருக்கும், சரிசெய்ய என்ன ஆகும் என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். அந்தக் கடிதம் கையில் வரும்வரை யாரையும் அதில் வெல்டு வைக்க விடாதீர்கள்.