ஸ்கர்ட்டிங் ஓரத்துச் சந்து: அடைக்க வேண்டாம், மூடுங்கள்

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில், பழைய டைல்ஸைப் பெயர்க்காமல் அதன் மேலேயே லேமினேட் மரத்தரை போட்டோம். இரண்டு வருஷமாகிறது. இப்போது ஸ்கர்ட்டிங்குக்கும் (சுவரின் அடியில் ஓடும் பட்டை) தரைக்கும் நடுவே சந்து தெரிகிறது. சில இடத்தில் பென்சில் நுழைகிறது. குப்பை சேர்கிறது, எறும்பு வருகிறது. எம்சீல் வைத்து அடைத்துவிடலாம் என்கிறார் ஆசாரி. செய்யலாமா?

பதில்: எம்சீல் வேண்டாம். வெள்ளை சிமென்ட், மரத்தூளில் ஃபெவிகால் குழைத்த பட்டி இவையும் வேண்டாம். காய்ந்தால் கல்லாகிவிடும் எதையும் அந்தச் சந்தில் திணிக்கக் கூடாது.

லேமினேட் தரை கீழே எதனோடும் ஒட்டியிருக்காது. பலகைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு ஃபோம் விரிப்பின் மேல் சும்மா கிடக்கும். பலகைக்குள் இருப்பது அழுத்தி இறுக்கிய மரநார். காற்றில் ஈரம் ஏறினால் விரியும், வறண்டால் சுருங்கும். உங்கள் ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை: ஆனி ஆடியில் மலையிலிருந்து வரும் சாரல், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை, பங்குனி சித்திரையில் காய்ச்சி எடுக்கும் வெயில். அதற்காகத்தான் தரை போடும்போதே சுவரோரம் 8 முதல் 12 மில்லிமீட்டர் வரை இடம் விடுகிறார்கள். அதை இறுக அடைத்தால் அடுத்த மழைக்காலத்தில் பலகை விரிய வழியில்லாமல் அறை நடுவே உப்பும், பூட்டுகள் விட்டுப்போகும். நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் அப்படி விட்ட இடமாகத்தான் இருக்கும். விட்டவர் அதை மூடாமல் போனதுதான் குறை.

முதலில் சந்து எப்படி இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். பழைய டைல்ஸ் ஸ்கர்ட்டிங்கின் முகத்துக்கும் பலகை விளிம்புக்கும் நடுவில் பள்ளம்போல் தெரிந்தால் அது விரிவதற்கு விட்ட இடம். மர ஸ்கர்ட்டிங் வைத்து, அதன் அடிப்பகுதிக்கும் தரைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் கதை வேறு. அங்கே குதிகாலால் அழுத்திப் பாருங்கள். தரை அமுங்கினால் அடியில் டைல்ஸ் மட்டமில்லை. அந்த ஓரத்துப் பலகைகளைக் கழற்றி மட்டம் செய்துதான் ஆக வேண்டும், மேலே எதை ஒட்டினாலும் பூட்டு ஒருநாள் உடையும். அமுங்காவிட்டால் ஏடிஎம் கார்டால் அளந்து பாருங்கள். ஒரு கார்டின் தடிமன் முக்கால் மில்லிமீட்டர். மூன்று கார்டு சேர்ந்து நுழையாத சந்தை அப்படியே விட்டுவிடலாம்.

உங்கள் வீட்டுக்கு ஏற்றது குவார்ட்டர் ரவுண்ட் பீடிங், அதாவது கால்வட்ட மரப்பட்டை. பென்சில் நுழைகிற சந்துக்கு 15 அல்லது 18 மில்லிமீட்டர் பீடிங் வாங்குங்கள். பலகை இன்னும் கொஞ்சம் சுருங்கினாலும் விளிம்பு வெளியே தெரியாதபடி, சந்தைத் தாண்டிப் பலகை மேல் ஐந்தாறு மில்லிமீட்டராவது பீடிங் ஏறி நிற்க வேண்டும். வாங்கி வந்ததும் அதே அறையில் இரண்டு நாள் கிடக்கட்டும். பிறகு எல்லாப் பக்கமும் பாலிஷ் அடியுங்கள். தெரிகிற பக்கம் மட்டும் அடித்தால் ஈரம் மறுபக்கமாக ஏறிப் பட்டை வளைந்துவிடும். மூலைகளில் 45 டிகிரி வெட்டு.

பீடிங்கைச் சுவர்ப் பக்கத்தோடு மட்டும் பொருத்த வேண்டும், தரையோடு கூடாது. ஆசாரியிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நின்று பாருங்கள். மர ஸ்கர்ட்டிங் என்றால் தலையில்லாத ஆணியைப் படுக்கை வாட்டில் ஸ்கர்ட்டிங்குக்குள் அடிக்கலாம். பலகைக்குள் சாய்த்து அடித்தால் தரையைக் கட்டிப்போட்டதாகிவிடும். டைல்ஸ் ஸ்கர்ட்டிங்கில் ஆணி இறங்காது, டைல்ஸ்தான் தெறிக்கும். அதனால் பீடிங்கின் நிற்கும் பக்கத்தில் மட்டும் சிலிக்கான் பசையைப் பொட்டுப் பொட்டாக வைத்து ஒட்டுங்கள். ஒட்டும்போது பீடிங்குக்கும் தரைக்கும் நடுவே ஒரு கெட்டி அட்டையைச் செருகி வைத்து, மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி ஒருநாள் விட்டுவிடுங்கள். பசை இறுகியதும் அட்டையை உருவிவிட்டால், பீடிங்குக்குக் கீழே தரை தாராளமாக நகரும்.

பழைய வீடுகளில் சட்டத்தோடு ஆணியடித்த மச்சுப் பலகைத் தரை வேறு வகை. அங்கே சிறு சந்துகளை, வளைந்து கொடுக்கும் அக்ரிலிக் சீலன்ட்டால் அடைக்கலாம். மழை ஓய்ந்து வெயில் ஏறாத தை, மாசிதான் அதற்கு நல்ல நேரம். மழைக்காலத்தில் அடைத்தால் சித்திரையில் கிழிந்துவிடும்.

பீடிங் போடும் முன் சந்துக்குள் டார்ச் அடித்து ஒரு தடவை பாருங்கள். மண் கோடு ஓடியிருந்தாலோ, ஓரத்தைத் தட்டும்போது பொள்ளென்று சத்தம் வந்தாலோ அது கரையானாக இருக்கலாம். மருந்து அடிக்காமல் மூடாதீர்கள். எறும்புக்கு, குப்பையை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுத்துவிட்டு ஜெல் மருந்து வைத்தால் போதும். பீடிங் தண்ணீரைத் தடுக்காது என்பதால், இனி அந்த அறையில் வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவும் வேலை வேண்டாம். நன்றாகப் பிழிந்த துணியால் துடையுங்கள்.