ஜாம் ஏன் கறுக்கிறது? – வீட்டுத்தோட்டக் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, வீட்டு மரத்தக்காளியில் ஜாம் செய்தேன். வெப்பமானி 105 பாகை காட்டும்வரை காய்ச்சச் சொல்லி ஒரு வீடியோவில் பார்த்தேன். அப்படியே செய்தால், கறுத்து, கரண்டி இறங்காத அளவுக்கு இறுகிப்போச்சு. சீனி கூடிவிட்டதா?
– வாசகி, நானுஓயா

பதில்: சீனியில் பிழை இல்லை தங்கச்சி. அந்த 105 பாகை கடலோர ஊர்க் கணக்கு. கொழும்பில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால், ஏறத்தாழ 300 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலை இறங்கிக்கொண்டே வரும். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே 94 பாகையிலேயே தண்ணீர் கொதித்துவிடும். உங்கள் ஊர் அதைவிடக் கொஞ்சம் பள்ளம், அவ்வளவுதான்.

ஜாம் பதம் என்பது, தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு மேல் நாலரைப் பாகை. உங்கள் அடுப்படியில் அது 99க்குக் கிட்டத்தான் வரும். நீங்கள் 105 வரை கொண்டுபோனதில் ஜாம் டொஃபியாகிவிட்டது. அடுத்த முறை முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து வெப்பமானியை விட்டுப் பாருங்கள். என்ன காட்டுகிறதோ அதோடு நாலரையைக் கூட்டி, சுவரில் கரியால் எழுதி வையுங்கள். மலிவு வெப்பமானி ஒன்றிரண்டு பாகை பொய் சொன்னாலும் இந்தக் கணக்கு தப்பாது.

வெப்பமானி இல்லாத வீட்டில் பீங்கான் தட்டு போதும். சீதளமான நாளில் அதை ஜன்னலுக்கு வெளியே வைத்தாலே குளிர்ந்துவிடும். ஒரு சொட்டு ஜாமை அதில் விட்டு, ஆறியதும் விரலால் தள்ளுங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் இறக்கிவிடலாம். சோதிக்கும் நேரத்தில் சட்டி அடுப்பில் இருக்கக் கூடாது, அதற்குள் பதம் தாண்டிவிடும்.

மரத்தக்காளித் தோல் கசக்கும். நுனியில் கத்தியால் சின்னதாகக் கீறி, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்துப் பச்சைத் தண்ணீரில் விட்டால் தோல் தானாகக் கழன்று வரும். கூழ் ஒரு கிலோவுக்குச் சீனி முக்கால் கிலோ. இந்தப் பழத்துக்குப் புளிப்பும் இறுகும் குணமும் இயல்பிலேயே உண்டு. கடையில் தூள் வாங்கிப் போட வேண்டியதில்லை. விதையை வடிகட்டச் சொல்வார்கள், நான் வடிகட்டுவதில்லை. பல்லில் கடிபடும் அந்த விதை இல்லாவிட்டால் என்ன மரத்தக்காளி ஜாம்! அகன்ற சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். நிறையப் போட்டு நெடுநேரம் காய்ச்சினாலும் நிறம் கறுக்கும்.

போத்தலைக் கொதிநீரில் பத்து நிமிடம் வைக்கச் சொல்வதும் பள்ளத்து ஊர்க் கணக்குத்தான். 300 மீற்றருக்கு ஒரு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் பதினாறு நிமிடம் வைத்தால் நிம்மதி.

கேள்வி: லயத்துக்குப் பின்னால் போட்ட போஞ்சி அள்ளிக் காய்க்கிறது. உப்புத் தண்ணீரில் அவித்து, போத்தலில் அடைத்து வைக்கலாமா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: வேண்டாம் தம்பி. போஞ்சியில் புளிப்பு இல்லை. புளிப்பில்லாத மரக்கறியைக் காற்றுப் புகாமல் அடைத்தால், உயிருக்கே உலை வைக்கும் நச்சுக் கிருமி உள்ளே வளரக்கூடும். அதன் வித்துகள் கடலோரத்துக் கொதிநீருக்கே சாவதில்லை, நம் ஊர் 95 பாகைக்கு எப்படிச் சாகும்? நச்சு சேர்ந்திருந்தாலும் மணமோ நிறமோ காட்டிக்கொடுக்கும் என்று நம்ப முடியாது.

வினாகிரியில் ஊறுகாயாகப் போடலாம். வினாகிரியில் தண்ணீரைத் தாராளமாகக் கலந்து புளிப்பைக் குறைத்துவிடாதீர்கள். வெயிலில் வற்றல் போடுவதென்றால் மாதம் பார்க்க வேண்டும். தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை பிடித்துக்கொண்டால் உங்கள் பக்கம் துணியே காயாது. அதே ஆடியில் வெலிமடை, பதுளைப் பக்கம் காய்ந்த காற்று அடிக்கும், அங்கே உள்ளவர்களுக்குக் கவலையில்லை. நீங்கள் அடுப்புக்கு மேலே தட்டுக் கட்டி, தேயிலை மிலாறு எரியும் சூட்டில் காய வையுங்கள். புகை வாடை கொஞ்சம் ஏறும், கறியில் அது ருசிதான். நல்ல செடி இரண்டை மட்டும் பறிக்காமல் விடுங்கள். நெற்று காய்ந்து கலகலத்ததும் அடுத்த போகத்துக்கு விதை எடுக்கலாம்.

கேள்வி: கோவா பகலில் வாடுகிறது, இரவில் தெளிகிறது. பிடுங்கிப் பார்த்தால் வேர் முண்டு முண்டாகப் பருத்திருக்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்?
– வாசகர், டிக்கோயா

பதில்: வேர் வீங்கும் நோய் இது ஐயா. பிடித்த செடிக்கு மருந்தில்லை, செலவழிக்காதீர்கள். தேயிலைக்குப் பிடித்த புளிப்பு மண்தான் இந்த நோய்க்கும் பிடிக்கும். பிடித்த செடிகளை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள், எருக்குழியில் போடவே கூடாது. அந்தப் பாத்தியில் பாவித்த மண்வெட்டியையும் சப்பாத்தையும் கழுவாமல் அடுத்த பாத்திக்குப் போக வேண்டாம். மண்ணில் இந்தக் கிருமி பத்து வருடத்துக்கு மேலும் கிடக்கும்.

கோவா, நோக்கோல், முள்ளங்கி எல்லாம் ஒரே குடும்பம், ஒன்றுக்குப் பதில் மற்றதை நட்டுப் பயனில்லை. லீக்ஸ், கரட், போஞ்சி என்று மாற்றுங்கள். மண்ணைச் சோதித்துப் பார்த்துச் சுண்ணாம்போ டொலமைற்றோ போட்டால் புளிப்பு குறையும். ஆனால் சுண்ணாம்பு கூடிய மண்ணில் உருளைக்கிழங்கு போட்டால் தோலில் சொறி விழும். இரண்டும் நடுகிற ஆளென்றால் பாத்திகளைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு போடுவதென்று 1920க்கு அழைத்துக் கேட்கலாம், விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனைச் சேவை அது.

கேள்வி: எங்கள் பட்டர்ப்பழம் மரத்திலேயே கல்லாக நிற்கிறது. எப்போதுதான் பழுக்கும்?
– வாசகி, பண்டாரவளை

பதில்: மரத்தில் இருக்கும்வரை பழுக்காது! பறித்த பிறகுதான் இளகும். தோலின் மினுமினுப்பு மங்கினால் காய் முற்றிவிட்டது என்று ஊகிக்கலாம். பெரிய காய் ஒன்றைக் காம்போடு வெட்டி வீட்டில் வையுங்கள். சுருங்காமல் இளகினால் மற்றதையும் இறக்கலாம். சுருங்கி ரப்பர் மாதிரி ஆனால் இன்னும் இரண்டு மூன்று கிழமை விடுங்கள். மரத்தை உலுக்கி விழுத்த வேண்டாம், அடிபட்ட இடம் உள்ளே கறுக்கும். அவசரமென்றால் பழுத்த வாழைப்பழம் ஒன்றோடு கடதாசிப் பையில் கட்டி வையுங்கள்.