மீன்தொட்டி கேள்வி–பதில்: புதிதாய் வந்த மென்பவளம்

கேள்வி: குடை வடிவ லெதர் பவளம் வாங்கி ஆறு நாள் ஆகிறது. முதல் நாள் மாலையே, பூப்போல் விரியும் பாலிப்புகளை உள்ளே இழுத்துக்கொண்டது. இப்போது மேல்பரப்பு மெழுகு பூசியதுபோல் பளபளக்கிறது. வெளிச்சம் போதவில்லையோ என்று இரண்டு முறை இடம் மாற்றி, விளக்கையும் கூட்டிவிட்டேன். செத்துவிட்டதா?

பதில்: பெரும்பாலும் சாகவில்லை, தோலுரிக்கிறது. சார்கோஃபைட்டான் வகை லெதர்கள் மெல்லிய மெழுகுப் படலம் ஒன்றைச் சுரந்து, மேலே படிந்த பாசி, பாக்டீரியா, தூசு எல்லாவற்றையும் அதோடு சேர்த்துக் கழற்றிவிடும். பழகிய தொட்டியிலேயே அவ்வப்போது நடப்பதுதான். புதுத் தொட்டிக்கு வந்ததும் ஒரு வாரத்தில் முடியலாம், மூன்று வாரம்கூட இழுக்கலாம்.

நீங்கள் இடம் மாற்றியதுதான் அதை இன்னும் தாமதப்படுத்துகிறது. ஒவ்வொரு இடத்திலும் வெளிச்சமும் நீரோட்டமும் வேறு. ஒவ்வொரு முறையும் அது முதலிலிருந்து பழக வேண்டும். விளக்கைப் பழைய அளவுக்கே இறக்குங்கள். பவளத்தைத் தொட்டியின் கீழ்ப்பகுதியில் ஓர் இடத்தில் வைத்துவிட்டு, இரண்டு வாரம் கை வைக்காதீர்கள். அது விரிந்த பிறகு, வாரத்துக்கு 5 சதவீதம் என்ற கணக்கில் வெளிச்சத்தைக் கூட்டலாம். பவளத்துக்குப் பயன்படும் வெளிச்சத்தை அளக்கும் பார் மீட்டர் கிடைத்தால், லெதருக்கு 80 முதல் 150 வரை தாராளம்.

கவனிக்க வேண்டியது நீரோட்டத்தை. படலம் கழன்று விழ ஓட்டம் தேவை. அது இல்லாவிட்டால் படலத்தின்மேல் சிவப்புச் சயனோ பாசி பிடித்து, அடியில் உள்ள தசை அழுகத் தொடங்கும். அதற்காக, ஓட்டம் தரும் பவர்ஹெட் பம்பை நேராகத் திருப்பிவிடாதீர்கள். தசை ஒரு பக்கமாகக் கிழியும். கண்ணாடியில் மோதித் திரும்பி வரும் நீர் போதும், குடையின் விளிம்பு லேசாக அசைய வேண்டும், அவ்வளவுதான். படலத்தின் ஓரம் கிளம்பித் தொங்கும்போது விரலால் உரிக்க ஆசை வரும். வேண்டாம். பெரிய பிப்பெட்டில் தொட்டி நீரை எடுத்து இரண்டு மூன்று தரம் பீய்ச்சினால் வந்துவிடும்.

அழுகலை எப்படி அடையாளம் காண்பது? படலம் உரிந்த இடத்தில் நிறம் மங்கியிருந்தாலும் தோல் உறுதியாக இருக்கும். அழுகலென்றால் காம்பின் அடியிலோ குடையின் மடிப்பிலோ பழுப்பு, கருப்புத் திட்டு தெரியும். தொட்டால் கூழாக வரும். வெளியே எடுத்தால் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அப்போது காத்திருக்கக் கூடாது. கையுறை போட்டு, புது பிளேடால் அழுகலைத் தாண்டி நல்ல தசையில் ஒரு செ.மீ. தள்ளி வெட்டி எறியுங்கள். மிச்சத்தை அயோடின் டிப்பில் (சிறிது நேரம் முக்கியெடுக்கும் மருந்துக் கரைசலில்) முக்கி எடுத்து, ஓட்டமுள்ள இடத்தில் வையுங்கள். லெதருக்கு வெட்டுக்காயம் எளிதில் ஆறும்.

கேள்வி: பவளம் வந்த பையை மிதக்கவிட்டு அப்படியே எடுத்து வைக்கலாம் என்கிறார் ஒருவர், இரண்டு மணி நேரம் சொட்டுநீர் விட வேண்டும் என்கிறார் இன்னொருவர். எது சரி?

பதில்: இரண்டும் இல்லை. பையை 15–20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். பிறகு பவளத்தைப் பை நீரோடு ஒரு சிறு பாத்திரத்துக்கு மாற்றி, காற்றுக் குழாயில் முடிச்சுப் போட்டு நொடிக்கு 3, 4 சொட்டு விழும்படி தொட்டி நீரை இறக்குங்கள். அரை லிட்டர் நீர் முக்கால் மணி நேரத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் பாத்திரம் குளிர்ந்துவிடும்.

நீண்ட பயணத்தில் வந்த பைக்கு இந்தச் சொட்டு முறையே ஆபத்து. மூடிய பையில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், கழிவு அம்மோனியா அதிக நஞ்சில்லாத அம்மோனியம் வடிவில் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏறும், அம்மோனியம் நஞ்சாக மாறும். அதனால் வெப்பத்தைச் சமப்படுத்தியதும், உப்பு அளவில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால், நேராக டிப்புக்கும் தொட்டிக்கும் போய்விடுங்கள். எப்படியானாலும் பை நீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

டிப் விஷயத்தில் பாட்டிலில் போட்டிருக்கும் அளவுதான் அளவு. 5–10 நிமிடம் வைத்து, இடையிடையே பிப்பெட்டால் பீய்ச்சினால் தட்டைப்புழு, கடல் நத்தைக்குஞ்சு எல்லாம் உதிரும். முட்டைகள் டிப்புக்கு அசையாது. பவளம் ஒட்டியிருக்கும் சிறு பிளக்கின் அடியைத் திருப்பிப் பார்த்துச் சுரண்டி எடுங்கள், ஒரு வாரம் பத்து நாள் கழித்து மறுபடி முக்குங்கள். சீனியா என்ற மென்பவளத்துக்கு மட்டும் டிப் ஆகாது, சுருங்கிக் கரைந்துபோகலாம். தொட்டி நீரில் நன்றாக அலசினால் போதும்.

கேள்வி: நைட்ரேட் 0, பாஸ்பேட் 0. உப்பு அடர்த்தி 1.025, வெப்பம் 25 டிகிரி. எல்லாம் சுத்தமாக இருந்தும் மஷ்ரூம் பவளங்கள் வெளுத்துக் குறுகுகின்றனவே?

பதில்: சுத்தம் கூடிப்போனதுதான் காரணமாக இருக்கும். இவற்றின் தசைக்குள் வாழும் நுண்பாசிதான் சோறு போடுகிறது. அந்தப் பாசிக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். நைட்ரேட் 5–10, பாஸ்பேட் 0.03–0.1 மி.கி./லிட்டர் என்று வைத்திருங்கள். பாஸ்பேட் உறிஞ்சியை எடுத்துவிடுங்கள், கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மரை இரவில் மட்டும் ஓட்டுங்கள், மீன்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போடுங்கள். மஷ்ரூமை நிழலான இடத்துக்கு இறக்குங்கள், அதற்குப் பார் 50 போதும். காரத்தன்மை 8–9 டி.கே.எச். (அதை அளக்கும் அலகு) என்று ஒரே நிலையில் இருக்கட்டும். இன்று 7, நாளை 10 என்று ஆடுவதைவிட நிலையான 7.5 மேல்.

இன்னொன்று: ஆடும் முள் வைத்த ஹைட்ரோமீட்டரில் அந்த 1.025 வந்திருந்தால் நம்பாதீர்கள். 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) திரவத்தில் சரிசெய்த ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒளிவிலகலால் உப்பை அளக்கும் கருவியில்) ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: மஷ்ரூமைப் பசை போட்டு ஒட்டினேன். மறுநாள் மிதந்துகொண்டிருந்தது.

பதில்: கல், பிளக் என்றால் சயனோஅக்ரிலேட் ஜெல் (சூப்பர் க்ளூ வகைப் பசை) பிடிக்கும். கோழை வழியும் தசையில் பிடிக்காது. சிறு கிண்ணத்தில் விரல்நகம் அளவு கல்துண்டுகளைப் பரப்பி, மஷ்ரூமை அதில் போட்டு, மேலே வலைத்துணி கட்டி, ஓட்டமே இல்லாத மூலையில் வையுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் ஏதோ ஒரு கல்லைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அந்தக் கல்லை ஒட்டுங்கள்.

கேள்வி: 100 லிட்டர் தொட்டி. தினம் ஒரு லிட்டர் ஆவியாகிறது. உப்பு நீரால்தான் நிரப்புகிறேன், சரியா?

பதில்: தவறு. நீர்தான் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும். லிட்டருக்கு 35 கிராம் என்றால் ஒரு வாரத்தில் 245 கிராம் கூடுதல் உப்பு, 35 பி.பி.டி. தொட்டி 37-ஐத் தாண்டிவிடும். ஆவியானதற்கு டி.டி.எஸ். (கரைந்த பொருள்களின் அளவு) 0 காட்டும், ஆர்.ஓ. – டி.ஐ. வடிகட்டியில் சுத்திகரித்த நீர், வாராந்தர 10 சதவீத மாற்றத்துக்கு மட்டும் உப்பு நீர்.

கேள்வி: லெதரையும் கல்பவளங்களையும் ஒரே தொட்டியில் வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், கார்பன் இருந்தால். லெதர்கள் டெர்பீன் வகை வேதிப்பொருள்களை நீரில் கசியவிட்டு அண்டை பவளங்களை ஒடுக்கும். தொடாமலே நடக்கும் சண்டை இது. 100 லிட்டருக்கு அரை கப் ஆக்டிவேட்டட் கார்பனை, கரித்தூள் போக அலசி, வடிகட்டியில் வைத்து 3–4 வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இதுவரை கார்பனே போடாத தொட்டியானால் பாதி அளவில் தொடங்குங்கள். நீரின் மஞ்சள் நிறம் ஒரே நாளில் போய்விட்டால் விளக்கைத் தொடாமலே வெளிச்சம் கூடிவிடும், பவளம் வெளுக்கும்.

கேள்வி: இளஞ்சிவப்பில், கண்ணாடிபோன்ற தண்டோடு ஒரு பவளம் விற்கிறார்கள். பெயர் கார்னேஷன். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். டெண்ட்ரோநெஃப்தியா என்பது அதன் இனப்பெயர். உடலில் நுண்பாசி கிடையாது, வெளிச்சத்தால் பயனில்லை. நாள் முழுக்க நுண்ணிய உணவு நீரில் மிதந்து வர வேண்டும். வீட்டுத் தொட்டியில் அவ்வளவு உணவு போட்டால் நீர் கெடும், போடாவிட்டால் சில மாதங்களில் பட்டினியால் சுருங்கிச் சாகும்.

கேள்வி: பொத்தான்போன்ற ஸோவாந்திட் பாலிப்புகள் கல்லெல்லாம் படர்ந்துவிட்டன. கல்லை வேகவைத்தால் ஒழியும் என்கிறார்களே?

பதில்: ஒருபோதும் செய்யாதீர்கள். இவற்றில் சிலவற்றில், குறிப்பாகப் பாலித்தோவா என்ற வகையில், பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. 1971-ல் ஹவாய்ப் பாலித்தோவா ஒன்றிலிருந்துதான் அதைப் பிரித்தெடுத்தார்கள். கொதிக்கும் ஆவியோடு அது நுரையீரலுக்குள் போகும். வீட்டில் இருந்த எல்லோரும் மருத்துவமனையில் சேர்ந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. வெந்நீர் ஊற்றுவது, பிரஷ்ஷால் தேய்ப்பது, கல்லை வெளியே காயவைத்துச் சுரண்டுவது எல்லாமே அதே வகை ஆபத்து.

குறைக்க வேண்டுமென்றால் படர்ந்த கல்லையே எடுத்து வேறு தொட்டிக்குக் கொடுத்துவிடுங்கள். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் நைட்ரைல் கையுறை, கண்ணாடி, முகக்கவசம் அணிந்து, கையில் காயம் இல்லாதபோது, பாத்திர நீருக்குள் மூழ்கிய நிலையில் வெட்டுங்கள். சாறு முகத்தில் தெறிக்காது. அந்த நீரில் பிளீச் கலந்து அரை மணி வைத்த பிறகே கொட்டுங்கள். கண்ணில் பட்டாலோ, வாயில் உலோகச் சுவை, மூச்சுத்திணறல், தசைவலி வந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய், பவளத்தைக் கையாண்டதையும் பாலிடாக்சின் என்ற பெயரையும் சொல்லுங்கள்.