கொட்டகையில் மிச்சம் இருப்பது எவ்வளவு?

ஹரோவில் இருந்து ஒரு வாசகர் ஏழு பக்கம் எழுதியிருக்கிறார். சுருக்கம் இது. லிங்கன்ஷயரில் ஒரு பழைய பண்ணைக் கொட்டகையைக் காணியோடு வாங்கி, வீடாக மாற்ற கிளாஸ் கியூவின் கீழ் (முழுப் பிளானிங் அனுமதி இல்லாமலே பண்ணைக் கட்டடத்தை வீடாக மாற்ற விடும் விதி) கவுன்சிலிடம் முன்னனுமதி பெற்றார். கெடு முடிய இன்னும் 16 மாதம் இருக்கிறது. கேரவன் ஒன்றை வளவில் நிறுத்தி, சனி ஞாயிறுகளில் தானும் மச்சானுமாக வேலை செய்தார்கள். பாரமான வேலைக்கு ஒரு பில்டரைப் பிடித்தார். பில்டர் வற் (VAT) வரியோடு 22,000 பவுண் வாங்கிக்கொண்டு பாதியில் போய்விட்டார். போகும்போது, “தெற்குச் சுவரும் மேற்குச் சுவரும் உப்பரித்து உதிர்கிறது, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதுதான் மலிவு” என்று ஒரு யோசனையும் சொல்லிவிட்டுப் போனார். இவர்கள் ஒரு வாரக் கடைசியில் இரண்டு சுவரையும் இடித்து, சீமெந்துக் கல் நாலு வரி கட்டி எழுப்பிவிட்டார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர் கவுன்சிலுக்குப் பெட்டிசம் போட, அமலாக்கப் பிரிவு அதிகாரி வந்து படம் எடுத்துப் போயிருக்கிறார். பில்டர் இப்போது 6,000 பவுண் திருப்பித் தருகிறேன் என்கிறார்.

வாசகரின் கேள்விகள்: பண்ணைக்காரர் மேல் வழக்குப் போடலாமா? அதிகாரி மேல் முறைப்பாடு செய்யலாமா? பில்டரிடம் முழுப் பணத்தையும் வாங்கலாமா? கவுன்சில் கடிதம் வருவதற்குள் சுவரை முடித்துக் கூரையையும் போட்டுவிட்டால் என்ன?

பதில்:

உங்கள் ஏழு பக்கத்தில் நாலு பக்கம் பக்கத்துப் பண்ணைக்காரரைப் பற்றியது. அதை அப்படியே ஓரமாக வைத்துவிட்டேன். அவர் எரிச்சலில் எழுதினாரா, நல்ல எண்ணத்தில் எழுதினாரா என்று கவுன்சில் பார்க்காது. எழுதியது உண்மையா என்று மட்டும் பார்க்கும். உண்மைதானே. அதிகாரி சேற்றுச் சப்பாத்தோடு கேரவனுக்குள் ஏறினார், உங்கள் மனைவி கொடுத்த தேநீரைத் தொடவே இல்லை என்கிறீர்கள். மனம் நோகும்தான். வழக்காகாது.

எனக்கு வேண்டிய வரி ஆறாம் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: “(தெற்கும் மேற்கும் இப்போது இல்லை)”.

கிளாஸ் கியூ கொடுப்பது, இருக்கிற கட்டடத்தை வீடாக மாற்றும் உரிமை. வெளிச்சுவரை மாற்றலாம் என்று கிளாஸ் கியூ இருக்கும் 2015ஆம் ஆண்டு ஆணையிலேயே இருக்கிறதே என்று உங்கள் மச்சான் இணையத்தில் பார்த்துச் சொன்னாராம். சரிதான், இருக்கிறது. ‘வீடாக இயங்க நியாயமாகத் தேவைப்படும் அளவுக்கு’ என்ற சொற்களும் அங்கேயே இருக்கின்றன. 2016இல் ஹிபிட் வழக்கில் உயர் நீதிமன்றம் பார்த்த கொட்டகை நொட்டிங்ஹம்ஷயரில் இருந்தது. இரும்புச் சட்டம் நல்ல உறுதி, ஆனால் மூன்று பக்கம் பெரும்பாலும் வெளி. சட்டத்தை அப்படியே வைத்துச் சுற்றிச் சுவர் எழுப்புவதாகத்தான் திட்டம். அது மாற்றியமைப்பதைத் தாண்டிப் புதிதாகக் கட்டுவதாகிவிட்டது என்ற பிளானிங் இன்ஸ்பெக்டரின் முடிவை நீதிமன்றம் கலைக்கவில்லை. எத்தனை சதவீதம் இடித்தால் கோடு தாண்டும் என்று கணக்கு ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு கட்டடத்தையும் பார்த்துத்தான் சொல்வார்கள். உங்களுக்கும் இரும்புச் சட்டம் நிற்கிறது, கிழக்கும் வடக்கும் நிற்கின்றன, கூரை பாதி நிற்கிறது. முழுக்கத் தோற்றுவிட்டீர்கள் என்று சொல்லமாட்டேன். வென்றுவிடுவீர்கள் என்றும் சொல்லமாட்டேன்.

விண்ணப்பத்தோடு கொடுத்த கட்டமைப்புப் பொறியியலாளரின் அறிக்கையை எடுத்துப் படியுங்கள். பெரும்பாலும் அதில் ‘தற்போதைய சுவர்கள் தக்கவைக்கப்படும்’ என்று ஒரு வரி இருக்கும். கவுன்சில் அந்த வரியை நம்பித்தான் அனுமதி தந்தது. சுவரோடு சேர்த்து அதையும் இடித்துவிட்டீர்கள்.

கூரையையும் போட்டுவிட்டால் என்ன என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. போடாதீர்கள். ஒரு கல் கூட வைக்காதீர்கள். அனுமதி இல்லாமல் கட்டியதைக் கவுன்சில் நடவடிக்கை எடுக்காமல் நாலு வருடம் ஓட்டினால் தப்பலாம் என்ற பழைய கணக்கு இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 25உடன் முடிந்தது. அன்றிலிருந்து பத்து வருடம். ஒளித்து வைத்தால் அதுவும் உதவாது. சர்ரேயில் ஒரு விவசாயி வைக்கோல் பொதிகளை அடுக்கி, மேலே படங்கு போட்டு மூடி, உள்ளே கோட்டை மாதிரி ஒரு வீடே கட்டிக் குடும்பத்தோடு நாலு வருடம் இருந்தார். 2006இல் வைக்கோலை எடுத்தார். பத்து வருடம் வழக்காடி, 2016இல் வீட்டை இடித்தார். உங்கள் சுவரை அதிகாரி ஏற்கெனவே படம் பிடித்துவிட்டார், உங்களுக்கு வைக்கோல் கூட இல்லை. அனுமதி இல்லாமல் கட்டுவது பொதுவாக உடனே குற்றமாகாது. ஆனால் அமலாக்க அறிவித்தல் நடைமுறைக்கு வந்த பிறகு அதன்படி செய்யாவிட்டால் குற்றம். அந்தக் கேரவனும் நீங்கள் செய்யும் வேலை சட்டப்படியான வேலை என்பதால்தான் அங்கே நிற்கிறது. வேலைக்கு அனுமதி இல்லை என்றானால் கேரவனையும் எடுக்கச் சொல்வார்கள்.

என்னிடம் வருகிறவர்கள் விழுகிற குழி இதுவல்ல. இது எல்லோருக்கும் தெரிகிற குழி. அவர்கள் விழுவது பில்டர் மேல் போடும் வழக்கில்.

எப்படி என்று சொல்கிறேன். பில்டரிடம் 22,000ஐத் திருப்பிக் கேட்டு வழக்குப் போடும்போது என்ன எழுதுவீர்கள்? “சுவர்கள் தாங்கும் நிலையில் இல்லை, எப்படியும் விழுந்திருக்கும், அதை அவர் முதலிலேயே சொல்லவில்லை, அதனால் புதிதாகக் கட்ட எனக்கு இவ்வளவு செலவு.” கடிதத்தில் எனக்கே அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள், அதுவும் மூன்று தடவை. இதற்குக் கீழே ‘இதில் உள்ளவை உண்மை’ என்று கையெழுத்துப் போட வேண்டும். வழக்கில் தாக்கல் செய்த கோரிக்கைப் பத்திரத்தின் பிரதியை, வழக்கில் சம்பந்தப்படாதவரும் நீதிமன்றத்தில் கேட்டு வாங்கலாம். கவுன்சிலும் வாங்கலாம், அந்தப் பண்ணைக்காரரும் வாங்கலாம். இப்போது அமலாக்கக் கோப்பைக் கையில் வைத்திருக்கும் அதிகாரியின் கதிரையில் இருந்து பாருங்கள். ‘எப்படியும் விழுந்திருக்கும்’ என்றால் அந்தக் கட்டடம் மாற்றியமைக்கத் தகுதியான கட்டடமே அல்ல என்று பொருள். கிளாஸ் கியூ அதற்குத் தொடக்கத்திலிருந்தே பொருந்தவில்லை என்று பொருள். அவர் நிரூபிக்க வேண்டியதை நீங்களே எழுதி, கையெழுத்தும் போட்டு, கட்டணமும் கட்டித் தாக்கல் செய்திருப்பீர்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்று இதற்குத்தான் சொல்லி வைத்தார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒருவர் இப்படித்தான் பில்டரிடம் வழக்கை வென்றார். தீர்ப்போடு சந்தோஷமாக என் அலுவலகம் வந்தார். அமலாக்க அறிவித்தலுக்கு எதிரான மேன்முறையீட்டில் கவுன்சில் தரப்பு முதலில் நீட்டிய கடதாசி அந்தத் தீர்ப்பு. பில்டர் அதற்குள் கொம்பனியை மூடிவிட்டதால் காசும் வரவில்லை.

பொய் சொல்லச் சொல்கிறேன் என்று எடுக்காதீர்கள். நீங்களும் மச்சானும் பொறியியலாளர்கள் இல்லை. சுவர் தாங்குமா என்பதில் உங்கள் அபிப்பிராயத்தை யாருக்கும், வாட்ஸ்அப்பிலும், எழுதாதீர்கள். கவுன்சில் உங்களிடம் விளக்கம் கேட்டு முறையான அறிவித்தல் அனுப்பினால் 21 நாளில் பதில் கொடுக்க வேண்டும், தவறான தகவல் கொடுத்தால் அதுவே குற்றம். எதை இடித்தீர்கள், எப்போது இடித்தீர்கள் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். ஏன் என்பதைப் பொறியியலாளர் சொல்லட்டும்.

அவரை இந்த வாரமே கூப்பிடுங்கள். அவர் எழுத வேண்டியது நிற்பதைப் பற்றி: இரும்புச் சட்டம் எவ்வளவு பாரம் தாங்கும், கிழக்கும் வடக்கும் எந்த நிலையில் இருக்கின்றன. அதை வைத்து முழுப் பிளானிங் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2017இல் மேன்செல் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம், கிளாஸ் கியூவில் செய்ய முடிந்ததை முழு விண்ணப்பத்தைத் தீர்மானிக்கும்போது கணக்கில் எடுக்கலாம் என்று ஏற்றது. ‘இதைத் தராவிட்டால் அதையாவது செய்வேன்’ என்ற பிடி அது. அந்தப் பிடி இருக்க வேண்டுமென்றால், அதைச் செய்ய உண்மையிலேயே வாய்ப்பு இருக்க வேண்டும். கொட்டகை நிற்கும் வரைதான் வாய்ப்பு. மிச்ச இரண்டு சுவரில் ஒன்று காற்றில் விழுந்தால்கூட உங்கள் கையில் இருப்பது வெறும் வயல். மூன்று வருடக் கெடுவும் இடையில் ஓடிக்கொண்டிருக்கிறது, அது வேலையைத் தொடங்குவதற்கான கெடு இல்லை, முடிப்பதற்கான கெடு.

உங்கள் கவுன்சில் உட்கட்டமைப்புத் தீர்வை (CIL, புதுக் கட்டடங்களுக்குப் போடும் அறவீடு) அறவிடுகிறதா என்றும் முதலில் கேளுங்கள். சொந்தமாகக் கட்டுகிறவர்களுக்கு உள்ள விலக்கை வேலை தொடங்குமுன் வாங்க வேண்டும். தொடங்கிவிட்டுக் கேட்பவருக்கு இல்லை.

இனிப் பணம். 22,000க்கு வழக்கென்றால் நீதிமன்றக் கட்டணமே 5 சதவீதம், 1,100 பவுண். 10,000க்கு மேல் என்பதால் சிறு கோரிக்கைப் பாதையில் போகாது; தோற்றால் எதிர்த்தரப்பின் செலவும் உங்கள் தலையில். பில்டர் கொஞ்ச வேலை செய்தும் இருக்கிறார், நீங்கள் அனுப்பிய படத்தில் புதுத் தளம் தெரிகிறது. முழு 22,000 ஒருநாளும் வராது.

6,000ஐ வாங்குங்கள். கூடவே ஒன்று கேளுங்கள். அவர் உங்களிடம் 20 சதவீதம் வற் போட்டிருக்கிறார். குடியிருப்பல்லாத கட்டடத்தை வீடாக மாற்றும் வேலைக்கு 5 சதவீதம்தான். அவர் வேலை செய்தபோது சுவர்கள் நின்றன, அனுமதியும் உயிரோடு இருந்தது. 22,000இல் வேலையின் விலை 18,333. 5 சதவீதம் என்றால் வற் 917 பவுண்தான். மேலதிகமாக வாங்கியது 2,750. அந்த மேலதிகத்தை வரித் திணைக்களம் உங்களுக்கு ஒருபோதும் தராது, பில்டர்தான் பில்லைத் திருத்தித் திருப்பித் தர வேண்டும். தான் கட்டிய வரியில் அவர் அதைச் சரிசெய்துகொள்ளலாம் என்பதால் அவருடைய சட்டைப் பையில் இருந்து போவது குறைவு. அதனால் சம்மதிக்க வாய்ப்பு அதிகம். ஆக உங்கள் கைக்கு 8,750. உடன்படிக்கையை எழுத்தில் போடுங்கள். ‘இருதரப்பும் பொறுப்பை ஏற்கவில்லை’ என்பதோடு நிறுத்துங்கள். சுவரைப் பற்றி ஒரு சொல் கூட அதில் வேண்டாம்.

நீங்கள் வாங்கிய கல், மரம், ஓட்டுக்கான வற் வரியை வேலை முடிந்து ஆறு மாதத்துக்குள், ஒரே தடவையில் கேட்டு வாங்கலாம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, பில்களை ஒரு சப்பாத்துப் பெட்டியில் போட்டு வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 1994ஆம் ஆண்டு வற் சட்டத்தின் 35ஆம் பிரிவு, வேலை சட்டப்படி நடந்திருக்க வேண்டும் என்கிறது. அனுமதி சரியாகாவிட்டால் அந்தப் பெட்டியில் இருப்பது வெறும் கடதாசி.

சனிக்கிழமை போகும்போது மச்சானைக் கூட்டிப் போவதில் தவறில்லை. சம்மட்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். மிச்சச் சுவர்களை வெளியிலும் உள்ளேயும் திகதியோடு படம் எடுங்கள், பொறியியலாளர் சொல்கிற இடத்தில் முட்டுக் கொடுங்கள், மேலே நல்ல படங்காகப் பார்த்துக் கட்டுங்கள்.