ஆறடிக்கு இரண்டடிப் பலகையில் மாதிரி ரயில்பாதையை எப்படித் திட்டமிடுவது?

புதுச்சேரியில் வாடகை வீட்டில் இருப்பதாகவும், ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள ஒரு பலகைக்குத்தான் இடம் உண்டு என்றும், அதில் நீள்வட்டமாகத் தண்டவாளம் போட்டால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு மாடியறையில் இதே அளவுப் பலகையில் நானும் முதலில் நீள்வட்டம்தான் அமைத்தேன். இரண்டு வாரங்கள் ஆசையாக ஓட்டிய பிறகு நானும் என் மகளும் அதைத் தொடவே இல்லை. தானாகச் சுற்றி வரும் வண்டிக்கு நாம் செய்து கொடுக்க வேண்டிய வேலை ஏதும் இல்லை என்பதே அதற்குக் காரணம்.

அளவுக் கணக்கும் நீள்வட்டத்துக்கு எதிராகவே இருக்கிறது. உங்கள் பலகை ஏறத்தாழ 1830 மி.மீ. நீளமும் 610 மி.மீ. அகலமும் கொண்டது. 87-இல் ஒரு பங்காகச் சுருக்கிய எச்ஓ அளவில், வழக்கமாக விற்கும் குறுகிய வளைவுத் துண்டுகளின் ஆரமே சுமார் 360 மி.மீ.; விட்டம் 720 ஆகிவிடுவதால் இரண்டடிக்குள் வண்டி திரும்பாது. 160-இல் ஒரு பங்கான ‘என்’ அளவில் 249 மி.மீ. ஆரமுள்ள வளைவு அடங்கும். ஆனால் 21.3 மீட்டர் நீளமுள்ள நம் ஐசிஎஃப் பயணிகள் பெட்டி அந்த அளவில் 133 மி.மீ. வரும். வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப் போல் மூன்று மடங்கு இருந்தால்தான் நம்பி ஓட்டலாம் என்பது பழகியவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. இங்கே இரண்டு மடங்குகூட இல்லை. என் வளைவுகளில் பெட்டிகளின் நடுப்பகுதி உட்புறமாகத் துருத்தி நடைமேடையின் ஓரத்தை உரசியது. தடம் இரண்டாகப் பிரியும் பாயிண்டு ஒன்றைத் தாண்டிய உடனே பாதையை எதிர்ப்பக்கம் வளைத்திருந்த இடத்தில், இடையில் ஒரு பெட்டி நீளத்துக்காவது நேர்த்தடம் விடாததால், வண்டி அடிக்கடி தடம்புரண்டது.

எனவே ஓடும் தூரத்தை மறந்துவிட்டு, வண்டிக்கு என்ன வேலை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சிறுவயதில் கடலூர் துறைமுகம் சந்திப்பில், விருத்தாசலம் பாதை வந்து சேரும் அந்த நிலையத்தில், ஓர் இன்ஜின் சரக்கு வேகன்களைக் கழற்றியும் மாட்டியும் வரிசை மாற்றுவதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஆறடிக்குள் முழுமையாக அடங்குவது அந்த ஷண்டிங் வேலைதான்.

அதற்கென்றே ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்த ‘இங்கிள்நுக்’ என்னும் அமைப்பை உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன். இரண்டே பாயிண்டுகள், வேகன்களை நிறுத்திவைக்கும் கிளைத்தடங்களான சைடிங்குகள் மூன்று. ஒன்றில் ஐந்து வேகன்களும் மற்ற இரண்டில் மும்மூன்றும் நிற்கலாம். பாயிண்டுகளுக்கு முன்னால் உள்ள தடத்தில் ஓர் இன்ஜினும் மூன்று வேகன்களும் மட்டுமே அடங்க வேண்டும். மொத்தம் எட்டு வேகன்கள். சீட்டுக் குலுக்கிப்போட்டு ஐந்தை எடுத்து, வந்த வரிசையிலேயே அவற்றை நீண்ட சைடிங்கில் கோத்து நிறுத்துவதே ஆட்டம். வரிசையையும் கணக்கில் கொண்டால் எட்டில் ஐந்தைத் தேர்வதற்கு 6720 வழிகள் உள்ளன என்பதால் சலிப்புக்கு இடமில்லை. இந்த நீளங்களை மனம்போல் கூட்டிவிடாதீர்கள். இடம் தாராளமானால் புதிரின் இறுக்கம் போய்விடும்.

எச்ஓ அளவில் இது உங்கள் பலகையில் அடங்குமா என்று கணக்கிட்டுப் பார்த்தேன். 10.7 மீட்டர் நீளமுள்ள பாக்ஸ்-என் வேகன் 123 மி.மீ. ஆகிறது, 17.1 மீட்டர் நீளமுள்ள டபிள்யூடிஎம்-2 டீசல் இன்ஜின் 197 மி.மீ. ஆகிறது. முன்தடத்துக்கு 566, பாயிண்டு ஒன்றுக்கு 220 வீதம் இரண்டுக்கு 440, ஐந்து வேகன்களுக்கு 615 என்று கூட்டினால் 1621 வருகிறது. மீதி ஏறத்தாழ 200 மி.மீ. இருக்கிறது. அந்த மீதியை வீண் என்று எண்ண வேண்டாம். கிளைபிரிந்த இரு தடங்களில் நிற்கும் வண்டிகள் ஒன்றையொன்று உரசாத தொலைவுக்கு அப்பால்தான் சைடிங்கின் பயனுள்ள நீளம் தொடங்குகிறது. உண்மையான ரயில்பாதையில் அந்த இடத்தில் ஃபவுலிங் மார்க் வைத்திருப்பார்கள். பலரும் பாயிண்டு முடியும் இடத்திலிருந்தே அளந்துவிட்டு, பிறகு ஒரு வேகனுக்கு இடமில்லாமல் தவிக்கிறார்கள்.

கட்டத்தாளில் சிறிதாக வரைவதை நம்பாதீர்கள். பென்சில் கோட்டில் பாயிண்டு எப்போதும் உண்மையைவிடக் குட்டையாகவே அமையும். பழைய செய்தித்தாள்களைப் பலகையளவுக்கு ஒட்டி அதன்மேல் உண்மை அளவிலேயே வரையுங்கள். பாயிண்டு தயாரிப்பாளர்கள் சிலர் அச்சிட்டு வெட்டி வைக்கத்தக்க படிவங்களை இலவசமாகத் தருகிறார்கள். அவற்றைப் பரப்பி, வேகன்களைக் கையால் நிறுத்திப் பார்த்த பிறகே பணம் செலவழியுங்கள்.

ஒரு சிறு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். எச்ஓ தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ.; நம் 1676 மி.மீ. அகலப்பாதையைச் சரியாகச் சுருக்கினால் 19.3 வர வேண்டும். இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டுதான் பெரும்பாலோர் ஓட்டுகிறோம். 1879-இல் தொடங்கிய விழுப்புரம்–புதுச்சேரி பாதையின் மீட்டர்கேஜ் காலத்தைச் செய்ய விரும்பினால், 12 மி.மீ. தடம் ஏறத்தாழப் பொருந்தும்.

மின்சாரம் இங்கே எளிது. தடம் தன்மேலேயே திரும்பி வந்து சேரும் வளையம் இல்லாததால், இடத் தண்டவாளம் வலத் தண்டவாளத்தைத் தொட்டுக் குறுக்குமின்சுற்று ஏற்படும் சிக்கல் எழாது. 12 வோல்ட் நேர்மின்சாரத்துக்கு இரண்டு கம்பிகள் போதும். சிறிய இன்ஜின்கள் மெதுவாகச் செல்கையில் பாயிண்டின் நடுவே நின்றுவிடாமல் இருக்க, அங்கும் மின்சாரம் பாயும் வகையைக் கேட்டு வாங்குங்கள். புதுச்சேரியின் உப்புக் காற்றில் எஃகுத் தண்டவாளம் விரைவில் துருப்பிடிக்கும். நிக்கல் சில்வர் என்ற உலோகக் கலவையே உகந்தது. பலகைக்கு மரைன் பிளைவுட் எடுத்து, அடிப்பக்கத்துக்கும் ஓரங்களுக்கும்கூட வண்ணம் பூசுங்கள். ஐப்பசி மழையில் ஊறி, சித்திரை வெயிலில் சுருங்கும் மரம் தண்டவாளத்தை நெளித்துவிடாதபடி, மூன்றடிக்கு ஓர் இணைப்பிலாவது அழைப்பிதழ் அட்டையின் தடிமன் அளவு இடைவெளி விட்டு ஆணி அடியுங்கள்.