நினைவு மலர் தயாரிக்கிறீர்களா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: உயர்நிலைப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள் சேர்ந்து மலர் ஒன்று கொண்டுவருகிறோம். 'பள்ளி நினைவுகளையும் ஊர் நினைவுகளையும் எழுதுங்கள்' என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டு ஒரு மாதம் ஆகிறது. 'மறக்க முடியாத நாட்கள்' என்று நாலு பேர் எழுதியதோடு சரி. என்ன செய்யலாம்?

பதில்: கேட்ட விதத்தில்தான் கோளாறு. 'நினைவுகளை எழுது' என்றால் யாருக்குமே கை ஓடாது. இடத்தைக் கேளுங்கள், பொருளைக் கேளுங்கள். வகுப்பில் எந்த வரிசை, பக்கத்தில் யார், ஜன்னல் வழியாக என்ன தெரியும்? ஒரு தடவைக்கு மூன்று கேள்வி போதும்.

ஊரைப் பற்றி எழுதச் சொல்வதைவிட, வீட்டிலிருந்து பள்ளிக்கு நடந்த வழியை வெள்ளைத்தாளில் வரையச் சொல்லுங்கள். கோணலாக இருந்தால் இருக்கட்டும். கோடு ஒரு திருப்பத்துக்கு வந்ததும் பென்சில் நிற்கும். அந்த முனையில் என்ன இருந்தது, அங்கே யார் வந்து சேர்ந்துகொள்வார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் வரும். அதை ஓரத்திலேயே குறிக்கச் சொல்லுங்கள். மலருக்கு அந்தத் தாளே நல்ல பக்கம்.

பதில்கள் தொகுப்பவருக்குத் தனியாக வரட்டும், குழுவில் வேண்டாம். ஒருவர் சொன்னதைக் கேட்டபின் மற்றவர்கள் அதைத் தாங்களும் பார்த்ததாகவே நம்பத் தொடங்குவார்கள். பொய் சொல்வதாக நினைக்க வேண்டாம், நினைவின் இயல்பு அது. இருவர் சொல்வது முரண்பட்டால் இரண்டையும் அவரவர் பெயரோடு போடுங்கள். எழுத வராதவர்களிடம் குரல் பதிவு வாங்குங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்த இரைச்சல்தான் கேட்கும்.

கேள்வி: எங்களிடம் இருப்பது ஒரே ஒரு குரூப் போட்டோ. அதுவும் பிரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டுவிட்டது. பாதிப் பேரின் பெயரும் தெரியவில்லை.

பதில்: தயவுசெய்து பிய்க்காதீர்கள். படத்தின் மேலுள்ள ஜெலட்டின் பூச்சு ஈரத்தில் இளகி ஒட்டியிருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியிலும் தாள் கையிலுமாக வரும். பிரேமைக் கழற்றி, வெளிப்புறக் கண்ணாடியை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். திரவம் எதையும் தெளிக்காதீர்கள், ஓரம் வழியாக உள்ளே இறங்கும். 600 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு) வையுங்கள். முகங்கள் கடுகளவு என்றால் 1200. மெலிதான ஸ்கேனர்கள் சிலவற்றில் கண்ணாடியின் தடிமனால் படம் மங்கும். அப்போது கேமராவில் எடுங்கள்: ஃபிளாஷ் வேண்டாம், இரு பக்கமிருந்தும் 45 டிகிரி சாய்வில் வெளிச்சம், கண்ணாடியில் கேமராவின் பிம்பம் விழாமலிருக்க அதைச் சுற்றிக் கறுப்புத் துணி.

பெயர்களுக்கு: பெரிதாக அச்செடுத்து, மேலே டிரேசிங் தாளை வைத்துத் தலைகளை மட்டும் வரைந்து எண் போடுங்கள். படத்தோடு அந்த எண்தாளை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அனுப்புங்கள். 'இது அவன்தானே?' என்று கேட்காதீர்கள், 'ஆமாம்' என்ற பதில்தான் வரும். தனித்தனியாக இருவர் ஒரே பெயரைச் சொன்னால் எடுத்துக்கொள்ளலாம். தெரியாத எண்ணை எடுத்துவிட வேண்டாம். 'பெயர் தெரியவில்லை' என்றே அச்சிடுங்கள். மலரைப் பார்த்த யாராவது சொல்லக்கூடும்.

கேள்வி: குழுவில் வந்த படங்கள் அச்சுப் படியில் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. ஏன்?

பதில்: வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மூலப்படம் அப்படியே வரும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். 1600 பிக்சல் அகலமுள்ள படம் ஐந்தேகால் அங்குலம் வரை தாங்கும். ஏ4 பக்கம் முழுக்கப் போட 2480க்கு 3508 பிக்சல் தேவை.

கட்டுரைகளை யூனிகோடில் (இப்போது கைபேசியிலும் கணினியிலும் பொதுவாக உள்ள எழுத்துமுறை) வாங்குங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் வந்ததை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாக நிற்கும். முதலில் யூனிகோடுக்கு மாற்றித் தரும் எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்து, ஒருமுறை மெய்ப்புப் பாருங்கள். நடுவில் பின் அடிக்கும் மலர் என்றால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். இதை மறந்தவர்கள்தான் கடைசி நாளில் யாருடைய கட்டுரையையாவது வெட்டுகிறார்கள்.